சத்தம் வராத அடி

கெம்பஸ் முடிச்ச எங்கட செட்டுக்கு இப்ப ஒரு வருத்தம் புடிச்சிருக்கு. ரெண்டு பேர் சந்திச்சாப் போதும், "அந்தக் காலத்தில" எண்டு தொடங்கிடுறாங்க. என்னகா இது, எங்களுக்கு இருபத்திமூண்டு. முதுகு நோகுது, உண்மைதான், அது குனிஞ்சி ஃபோன் பாத்து வந்த நோ. ஆனா நேத்து குரூப்பில ஒருத்தி கேட்டாள், "நீ சின்னதில கல்யாண வீடுகளுக்கு கிட்டார் அடிச்சவளாமே, ஏண்டி எங்களுக்குச் சொல்லல்ல" எண்டு. வொய்ஸ் நோட் போட்டா தொண்டை காட்டிக் குடுத்திடும். அதால டைப் பண்றன். ஒரே மூச்சில அடிக்கிறன், எழுத்துப் பிழைக்கு ஆரும் டீச்சர் வேலை பாக்க வேணாம். மட்டக்களப்புக் கதையெண்டாப் பாடுமீன், வாவியில நிலா, அந்த மாதிரி எதிர்பாக்கிற ஆக்கள் இப்பவே இறங்கலாம்.

எனக்கு அப்ப பதினாலு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள். வாயத் திறந்தா வாய்க்குள்ள மண், கொட்டில் கதவத் திறந்தா கண்ணுக்குள்ள மரத்தூள். எங்கட வீட்டுக்குப் பின்னால பப்பாட மரவேலைக் கொட்டில், அதுக்குப் பின்னால வாவி. எங்கட பறங்கி ஆக்கள்ள, அந்தக் காலத்துப் போர்த்துக்கீசர் வழி வந்த சனம், பாதிப்பேர் தச்சு வேலை, மிச்சப்பேர் மெக்கானிக், இரும்பு வேலை. ஆனா வேலை எதெண்டாலும் எல்லாரும் ஆடுவாங்க. கல்யாண வீட்டில கப்ரிஞ்ஞா மெட்டு தொடங்கினா நடக்கத் தெரிஞ்ச ஆள் எல்லாம் எழும்பணும். முழங்கால் வருத்தமெண்டு மூண்டு மாசமா சேர்ச்சுக்கு வராத மனிசி கூட எழும்பும்.

இன்னொரு பழக்கம் இருந்திச்சி, அத மட்டும் நல்லா விளங்கிக்கங்க. சின்னப்புள்ள ஒண்டு மேடையில ஏறி பாடவோ வாசிக்கவோ தொடங்கி இடையில தடுமாறினா, எங்கட ஆக்கள் சிரிக்க மாட்டாங்க. பெரியவங்க எழும்பி தாளத்தைக் கையில எடுப்பாங்க. கை தட்டித் தட்டி அந்தப் புள்ளைய திரும்பப் பாட்டுக்குள்ள ஏத்தி விடுவாங்க. அதுக்குப் பேரு தூக்கி விடுறது. எனக்கு ஏழு வயசில ஒரு கிறிஸ்மஸ் பார்ட்டியில சொல்லு மறந்து, மைக்கைக் கட்டிப் புடிச்சிட்டு நிண்டன். பப்பாட அக்கா, எங்கட அன்டி, கையில இருந்த கேக் துண்டை அப்பிடியே மடியில போட்டிட்டு எழும்பித் தட்டினா. பின்னால முழு ஹோலும் தட்டிச்சி. சொல்லு தானா வந்திச்சி. இவ்வளவு நல்ல சனம் வேற எங்கயும் இருக்காது எண்டு அண்டைக்கி நினைச்சன். இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன். அதுதான் பிரச்சினையே.

சரி, பான்ட். அண்ணன் லீட் கிட்டார், பாட்டும் அவன்தான். பகல்ல பப்பாவோட கொட்டில்ல வேலை. அன்டிட புருசன் அங்கிள், மோட்டர்சைக்கிள் மெக்கானிக், பேஸ் கிட்டார். கழுவினாலும் போகாத கிறீஸ் விரலோட அடிப்பார், அதால நாலு கம்பியும் கறுப்பு. ட்ரம்ஸுக்கு ஏறாவூர் முஸ்லிம் அண்ணன் ஒராள், நானா எண்டுதான் கூப்பிடுவம். துணிக்கடையில நிக்கிறவர். ட்ரம்ஸ் அடிக்கிறது அவர்ர உம்மாக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பா, கேட்டா "கணக்குப் பாக்கப் போயிரிக்கான்" எண்டுவா. ரிதம் கிட்டாருக்கு இருந்த பெடியன் வெளிநாட்டு வேலைக்கெண்டு கட்டாருக்குப் போயிட்டான். இடம் வெறுமையாக் கிடந்திச்சி. வேற ஆள் இல்லாததால என்னை வச்சாங்க. திறமை கிறமை எண்டு ஆரும் சொல்லல்ல.

பைலா, அதுதான் எங்கட கல்யாண வீட்டு ஆட்டப்பாட்டு, அது அடிக்க எனக்கு ஆரும் சொல்லித் தரவும் இல்ல. எங்கட வீட்டில அது தண்ணி மாதிரி. மூண்டு மூண்டா உருண்டு போகும், கை தானா ஊஞ்சல் ஆடும். நான் பாட்டுக்கு சன்னலுக்கால பராக்குப் பாத்திட்டே அடிப்பன்.

அந்த நேரம் அண்ணனும் பப்பாவும் பாசிக்குடாவில ஒரு ஹொட்டல்ல அலுமாரிக் கதவு போடப் போனாங்க. வேலை செய்யக்குள்ள அண்ணன் பாடியிருக்கான். மனேஜர் கேட்டிருக்கார். அண்ணன் அண்டைக்கிப் பின்னேரம் கொட்டிலுக்கு வந்து, கையக் காலக் கூடக் கழுவாம, எங்கள எல்லாம் நிப்பாட்டி வச்சிச் சொன்னான்.

"கிழமைக்கி மூண்டு நாள். டின்னர் நேரம். நிரந்தரமா."

"பைலாவா?" எண்டார் அங்கிள்.

"இல்ல. பைலாக்கு அவங்களுக்கிட்ட வேற செட் இருக்காம். வெள்ளைக்காரர் சாப்பிடக்குள்ள பழைய இங்கிலீஷ் டிஸ்கோ, ஃபங்க், அந்த மாதிரி கவர் வேணுமாம். ரிதம் கிட்டார் டைட்டா இருக்கணும் எண்டு ரெண்டு தரம் சொன்னார்."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் ரம்புட்டான் சாப்பிட்டிட்டு இருந்தன்.

"ஃபங்க் எண்டா என்னகா?" எண்டு அங்கிள் நானாகிட்டக் கேட்டார்.

"அது மச்சான், எல்லாரும் குறைய வாசிக்கணும். அதுதான் கஷ்டம்."

"குறைய வாசிக்கிறதுக்கு என்னத்துக்குப் பழகணும்? நான் வேணுமெண்டா வாசிக்காமலே நிக்கிறன்."

சிரிச்சம். அண்ணன் மட்டும் சிரிக்கல்ல. ஏனெண்டு எனக்குத் தெரியும். கட்டாருக்குப் போன பழைய ரிதம் பெடியன் தன்ட கொம்பனியில அண்ணனுக்குத் தச்சு வேலைக்கு இடம் பாத்து வச்சிருந்தான். விசா ரெடி. அம்மா ஓம் எண்டிட்டா. பப்பா ஒண்டும் சொல்லல்ல, அதுவும் ஓம்தான். அண்ணன் ஒராள்தான் இழுத்திட்டு நிண்டான். ஹொட்டல் சரி வந்தா போக மாட்டான். சரி வராட்டிப் போவான். மனேஜர் அன்டிட மகள்ட கல்யாணத்துக்கு வந்து எங்கள ஒருக்கா கேக்கிறதெண்டு பேச்சு. எல்லாம் அந்த ஒரு பாட்டில, அந்தப் பாட்டு என்ட வலது கையில.

ரம்புட்டான் கொட்டைய விழுங்கிட்டன் எண்டு நினைக்கிறன்.

மட்டக்களப்பில ஃபங்க் சொல்லித் தர ஆரும் இல்லகா. இருந்தா சொல்லுங்க, இப்பயாவது போய் ரெண்டு கேள்வி கேக்கிறன். இருந்ததெல்லாம் அண்ணன்ட பழைய ஃபோன், மூலையில சிலந்தி வலை மாதிரி வெடிச்ச திரை. வீட்டுக்குள்ள சிக்னல் இல்ல. கொட்டிலுக்குப் பின்னால வாவிக்கரையில, பப்பா வள்ளம் திருத்திறத்துக்கு வச்சிருந்த மரக்குத்தியில ஏறி இருந்தா ரெண்டு கோடு வரும். அங்க இருந்து ஒரு வெள்ளைக்காரன்ட வீடியோவ அரைவாசி வேகத்தில ஓட விட்டுப் பாப்பன். அரைவாசி வேகத்தில அவன் குடிச்சிட்டுப் பேசுற மாதிரி இருக்கும். அவன் சொல்றது பாதி விளங்காது. கை மட்டும் விளங்கும்.

கிட்டார் தெரியாத ஆக்களுக்கு சுருக்கமாச் சொல்றன். சாதாரணமா கம்பிய அழுத்திட்டு அடிப்பம், சத்தம் வரும். ஃபங்கில வலது கை நிக்கவே கூடாது. மேல கீழ மேல கீழ எண்டு ஒரு தாளத்துக்குள்ள பதினாறு தரம் போய்க்கொண்டே இருக்கணும், கைய உதறி ஈரம் போக்கிற மாதிரி, மணிக்கட்டில இருந்து. இடது கை கம்பிய தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். அப்ப வாறது "சக் சக் சக்" எண்டு செத்த சத்தம். அந்தப் பதினாறுக்குள்ள ரெண்டு மூண்டு இடத்தில மட்டும் டக்கெண்டு அழுத்தி விடணும். அந்த இடத்தில மட்டும் கோட், கம்பியெல்லாம் சேந்த சத்தம், துள்ளி வெளிய வரும். மிச்சம் எல்லாம் செத்த அடி. ஆனா அந்தச் செத்த அடிதான் பாட்ட ஓட்டுறது. அது இல்லாட்டி துள்ளுறதுக்கு அர்த்தமே இல்ல.

எழுத லேசா இருக்கு. என்ட கை பிறந்ததில இருந்து மூண்டு மூண்டாப் போற கை. நாலு நாலா வெட்டச் சொன்னா நாலாவதுல போய் வழுக்கும். ஃபோனுக்குக் காசு போடுற ரீலோட் காட்ட வெட்டித்தான் அப்ப கம்பி தட்டுற பிக் செய்யிறது, சுரண்டுற காட், இப்ப அதெல்லாம் எங்க. ஒரு பிக் ஒரு பின்னேரத்துக்குள்ள தேய்ஞ்சி போகும். தோள்மூட்டில இருந்து அடிச்சி அடிச்சி, பள்ளிக்கூடத்தில கை தூக்கேலா. டீச்சர் கேள்வி கேட்டா விடை தெரிஞ்சாலும் சும்மா இருப்பன்.

நானா கடை பூட்டிட்டு வாற நாள்ள, ட்ரம்ஸ விட்டிட்டு ஒரு பெயின்ட் வாளியக் கவிட்டு வச்சித் தட்டுவார்.

"புள்ள, நீ பாட்ட அடிக்கப் பாக்கிறா. பாட்ட உடு. சக்க மட்டும் அடி."

"சக் மட்டும் அடிச்சா எப்ப கோட் வாறது?"

"வாற நேரம் வரும். பஸ் வரும் எண்டு நீ ரோட்டுல ஓடுறியா? நில்லு. நிண்டாத்தான் பஸ் நிக்கும்."

"எங்கட ஊர் பஸ் நிண்டாலும் நிக்காது நானா."

"அதுவும் சரிதான்," எண்டு வாளிய இன்னும் மெதுவாத் தட்டினார்.

வீட்டில என்ன நிலமை எண்டா, நான் நாள் முழுக்க "சக் சக் சக்". அம்மா குசினிக்குள்ள இருந்து, "ஆரது தேங்காய் திருவுறது, ரெண்டாம் பால் எடுக்கல்லயா இன்னும்" எண்டு கத்துவா. முதல்ல பகிடி. ரெண்டு கிழமைக்குப் பிறகு கத்தல்ல, வந்து வாசல்ல நிண்டு பாத்திட்டுப் போவா.

பப்பா வேற மாதிரி. சீவுளி தள்ளிக்கொண்டே காது குடுப்பார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வாறன், கிட்டார் கொட்டில் மேசையில மல்லாக்கக் கிடக்கு, ஆறு கம்பியும் புதுசு. டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்து அவரே மாத்தியிருக்கார். பழசுகள சுருட்டி, முள்ளுக் குத்தாத மாதிரி முனைய மடிச்சி, பக்கத்தில வச்சிருந்தார்.

"வாவிக் காத்துக்கு உப்புப் புடிச்சிச் செத்துப் போச்சி மகள். அதான் சத்தம் வரல்ல. இப்ப அடி பாப்பம்."

அடிச்சன். சக் சக் சக்.

அவர்ர முகம் போன விதம்.

"பப்பா, இது வேணுமெண்டு. சத்தம் வராம அடிக்கிறதுதான் இதில விசயம். இஞ்ச பாருங்க, இடது கைய நான்தான் விடுறன்."

"ஓ," எண்டார்.

"இது ஸ்டைல் பப்பா."

"ஓ ஓ. விளங்கிச்சி." கிட்ட வந்து என்ட இடது கைய விரிச்சி, விரல் நுனியள ஒண்டொண்டாத் தடவிப் பாத்தார். கோடு கோடா வெட்டியிருந்திச்சி. "நோகுதா?"

"இல்ல."

"நொந்தாச் சொல்லு. அண்ணனுக்காக எண்டு நீ பல்லக் கடிச்சிட்டு இருக்காத."

விளங்கிச்சி எண்டார்தானே. நானும் விளங்கிச்சி எண்டுதான் நினைச்சன். இரவைக்கி அம்மா தேங்காயெண்ணெய் சூடாக்கி விரல்ல பூசினா. ஏன் எண்டு கேட்டன். பப்பா சொன்னவராம். அண்ணனும் ஒரு நாள் ஃபோனில பாட்டப் போட்டு, "பாருங்க பப்பா, அந்தப் பெரிய ஆக்களும் சக் சக்குத்தான்" எண்டு காட்டினான். பப்பா முழுசாக் கேட்டார். "அவங்க பழகின ஆக்கள்" எண்டார். அதுக்கு மேல மனிசன் என்ன செய்யிறது, சொல்லுங்க.

மறுகா ஒரு பின்னேரம் அது வந்திச்சி. எப்பிடி எண்டு கேக்காதீங்க. மரக்குத்தியில இருந்து அடிச்சிட்டு இருக்கன், ஃபோன் சார்ஜ் செத்திட்டு, வெள்ளைக்காரன் இல்ல. இறால் வலை வீசுற ஒரு மனிசன் தோணியில போறார். அவரப் பாத்திட்டே அடிக்கிறன், கிட்டார்க் கழுத்தில ஏழாம் ஃப்ரெட்டில அந்தச் சின்னக் கோட், திடீரெண்டு வலது கை என்ட கை இல்ல. அது தானாப் போகுது. நாலு நாலா, சீவினமாதிரி. நான் நினைச்ச இடத்தில அழுத்தினாப் போதும், துள்ளுது. சிரிப்பு வந்திச்சி. சிரிச்சாலும் கை நிக்கல்ல.

கொட்டிலுக்குள்ள இருந்த அண்ணன் வெளிய வந்தான். பக்கத்தில குந்தினான். தோணி போறதப் பாத்திட்டே,

"நான் போக மாட்டன் போல கிடக்கு," எண்டான்.

"கட்டாருக்கா?"

"ம்."

"அம்மா ஏசுவா."

"ஏசட்டும். நான் பிளேனில ஏறினா எனக்கு மூச்சு நிண்டிரும்டி. அங்க போய் வந்தவன் ஒருத்தனாவது பாடுறானா பாரு. வீடு கட்டுறாங்க, சரி. பாடுறாங்களா?"

அவன் அழுதிடுவான் எண்டு பயந்து நான் பகிடி விட்டன், நீ பாடாட்டி ஊர் சந்தோசப்படும் எண்டு. தலையில ஒண்டு குட்டினான். அண்ணன் என்கிட்ட அப்பிடிக் கதைச்சது அது ஒருக்காத்தான். இருபத்திமூண்டு வயசுப் பெடியன், பதினாலு வயசுத் தங்கச்சிட கையப் பாத்து தன்ட வாழ்க்கைய முடிவு செஞ்சிட்டு இருந்தான். இப்ப எனக்கு அதே வயசு. இப்பதான் அந்தப் பாரம் தெரியுது. அப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்திச்சி.

கல்யாணம்.

பின்னேர ரிசெப்ஷன். வாவிப் பக்கத்து ஹோல், சன்னல் எல்லாம் திறந்து கிடக்க, கச்சான் காத்துக்கு மேசை விரிப்பு எல்லாம் எழும்பி ஆடுது, ஒவ்வொரு விரிப்புக்கும் மேல ஒரு சோடாப் போத்தல் காவல். கல்யாணப் பொம்பிள, அன்டிட மகள், வெள்ளைக் கவுணுக்குள்ள வேர்த்துப்போய் இருந்தாள். மனேஜர் வந்திட்டார். நீலச் சேட், பெல்ட்டில சாவிக்கொத்து. பப்பா அவரக் கூட்டிட்டுப் போய் ஃபேனுக்குக் கீழ இருத்தி, கேக்கும் வைனும் தன்ட கையால வச்சார். மனேஜருக்குத் தமிழ் கொஞ்சம், பப்பாக்கு சிங்களம் கொஞ்சம், ரெண்டு பேரும் ரெண்டு கொஞ்சத்தையும் வச்சி அலுமாரிக் கதவப் பத்திக் கதைச்சிட்டு இருந்தாங்க.

முதல் ரெண்டு பாட்டு மெது இங்கிலீஷ் பாட்டு, ஜோடிகள் ஆடினாங்க, சோலி இல்ல. மூண்டாவது அந்தப் பாட்டு. அண்ணன் என்னத் திரும்பிப் பாத்தான். நானா குச்சியத் தட்டி நாலு எண்ணினார்.

சக் சக் சக் சக்.

மச்சான், பெருமைக்குச் சொல்லல்ல, நல்லா இருந்திச்சி. ட்ரம்ஸ் பூட்டி, பேஸ் பூட்டி, நான் அதுக்கு நடுவில ஊசி மாதிரி. அங்கிள் உண்மையாவே குறைய வாசிச்சார். அண்ணன் முதல் வரிய எடுக்கக்குள்ள மனேஜர் கேக்கத் தின்றத நிப்பாட்டினார். தலைய ஆட்டல்ல, சும்மா ஒரு விரலால மேசையத் தட்டினார். சரியா நாங்க இருக்கிற இடத்தில. அண்ணனும் அதக் கண்டான். அவன்ட முதுகிலயே தெரிஞ்சிச்சி கண்டிட்டான் எண்டு.

முன் வரிசையில அன்டி. கத்தரிப்பூ நிறச் சட்டை, கழுத்தில முத்து. அவ என்ட கையப் பாக்கிறா. வலது கை வெட்டி வெட்டி அடிக்குது, ஆனா அவட காதுக்கு சத்தம் வரல்ல, சக் சக்குத்தான் வருது. திரும்பி பப்பாவப் பாத்தா. பப்பா அவவப் பாத்தார். அந்தப் பார்வைய நான் மேடையில இருந்து கண்டன். கண்டு என்ன. கையில கிட்டார், முன்னால மைக் கூட இல்ல.

அன்டி எழும்பினா.

தட்டினா. மூண்டு மூண்டா. ஊஞ்சல் தாளம், கப்ரிஞ்ஞாத் தாளம், எங்கட தாளம். பக்கத்து மேசையில அவட சிநேகிதியள் எழும்பினாங்க. மறுகா பின்னால. சின்னப் பொடிச்சி மேடையில மாட்டிக்கிட்டாள், கம்பி செத்துப் போச்சி, தூக்கி விடுங்க. அவ்வளவுதான் அவங்கட மனசில. ஒரு நிமிசத்துக்குள்ள நூறு சோடிக் கை.

நான் தலைய ஆட்டினன், வேணாம் எண்டு. அன்டி என்னப் பாத்து சிரிச்சி, பயப்பிடாத கிளி எண்டு வாயால சொல்லி, இன்னும் பலமாத் தட்டினா.

சத்தத்தக் கூட்டுற எங்கட அம்ப், பப்பா செஞ்ச பெட்டிக்குள்ள இருந்த சின்ன அம்ப். நூறு சோடிக் கைக்கு முன்னால அது என்ன செய்யும். முதல்ல அங்கிள் விழுந்தார். பாவம், தட்டுறது அவர்ர பொஞ்சாதி. அவர்ர விரல் முப்பது வருசமா அந்தத் தாளத்துக்கு வேலை செஞ்ச விரல், தானாப் போச்சி. நானா பல்லக் கடிச்சிட்டு நாலு நாலாப் புடிச்சார், கழுத்து நரம்பு தெரிய. பேஸ் ஒரு பக்கம், ஹோல் ஒரு பக்கம். என்னப் பாத்தார். மன்னிச்சிக்க புள்ள எண்டு கண்ணாலயே சொல்லிட்டு அவரும் போயிட்டார்.

நான் விடல்ல. தனியாப் பதினாறு அடிச்சன். எனக்கே கேக்கல்ல. மணிக்கட்டு மட்டும் போகுது, சத்தம் வராத அடிகள், அழுத்துற இடத்திலயும் சத்தம் வராது, கைதட்டுக்குள்ள எல்லாம் கரைஞ்சி போகுது. அண்ணன் மைக்கோட திரும்பினான். பாட்டு அவன்ட வாய்க்குள்ள உருள வெளிக்கிட்டிட்டு, டிஸ்கோ பாட்டு பைலாவா மாறிட்டு. அவன் என்னப் பாத்து சின்னதா ஒரு தலையாட்டு ஆட்டினான். விடு எண்டு.

என்ட கையும் மூண்டு மூண்டாப் போச்சி. லேசாப் போச்சி. அதுதான் எனக்கு இண்டைக்கும் ஆத்திரம், எவ்வளவு லேசாப் போச்சி எண்டு.

ஹோல் வெடிச்சிட்டு. ஒராள் கதிரையில இல்ல. சோடாப் போத்தல் விழுது, விரிப்பு பறக்குது, பொம்பிள கவுணத் தூக்கிப் புடிச்சிட்டு ஆடுறாள், முழங்கால் வருத்தக்கார மனிசி ஆடுது. பப்பா ஆடுறார், என்னப் பாத்துக்கொண்டே ஆடுறார், அந்த மாதிரிச் சிரிப்பு நான் அவர்ர முகத்தில அதுக்கு முதல் கண்டதில்ல. மனேஜரும் எழும்பி நிண்டு கைதட்டினார். விரலால இல்ல, ரெண்டு கையாலயும். மூண்டு மூண்டா.

வெளிக்கிடக்குள்ள அண்ணன் அவரோட கேட் வரைக்கும் போனான். நான் பின்னால போனன். மனேஜர் அண்ணன்ட தோள்ல கைய வச்சார்.

"தம்பி, நல்ல சந்தோசம். உண்மையா. இவ்வளவு சந்தோசமான ஆக்கள் நான் பாத்தது இல்லை."

"தேங்ஸ் சேர்."

"ஆனா இது எங்களுக்கு இருக்கு. நான் சொன்னேன் தானே. பைலா செட் இருக்கு."

"சேர், அந்தப் பாட்டு முதல்ல நாங்க வேற மாதிரித்தான்…"

"கேட்டேன். முதல் கொஞ்சம் நல்லா இருந்தது." என்னப் பாத்து சிரிச்சார். "ஆனா கெஸ்ட் கைதட்டினா நீங்க எல்லாரும் இப்பிடிப் போயிடுவீங்க தானே?"

அவர் சொன்னது உண்மை. ஹொட்டல் வான் வண்டியில ஏறி, கேக் நல்லா இருந்தது எண்டு அம்மாக்குச் சொல்லச் சொல்லிட்டுப் போனார்.

உள்ளுக்குப் போனா அன்டி என்னக் கட்டிப் புடிச்சா. முழுக்க வேர்வை, பவுடர் மணம், முத்துமாலை என்ட கன்னத்தில அமத்துது.

"பாத்தியா கிளி, எப்பிடித் தூக்கி விட்டம். உங்கப்பன் முந்தியே சொன்னவன், 'அக்கா, புள்ளைக்கு கை வராமக் கிடக்கு, அண்டைக்கி ஒரு கண் வச்சிக்க' எண்டு. நான் முதல் பாட்டில இருந்து உன்னத்தான் பாத்திட்டு இருந்தன். நாங்க தட்டாட்டி அந்த ஹொட்டல்காரன் எழும்பியே இருக்க மாட்டான்."

பப்பா பக்கத்தில மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டார். "பயந்திட்டயா மகள்? நாங்க எல்லாரும் இருக்கமே," எண்டார்.

சொல்லத்தான் வாயத் திறந்தன். எல்லாத்தையும் சொல்லி அந்த ஹோலையே நிப்பாட்டியிருப்பன். அண்ணன் பின்னால இருந்து என்ட தோளப் புடிச்சான். நோகப் புடிச்சான்.

"ஓம் அன்டி," எண்டான். "நீங்க இல்லாட்டி நாங்க இண்டைக்கி நாறியிருப்பம்."

"அத சொல்லு முதல்ல," எண்டிட்டு அன்டி அவன்ட ரெண்டு கன்னத்திலயும் கொஞ்சினா.

அந்த மாச முடிவில அண்ணன் போனான். பான்டும் அதோட சரி. அங்கிள் மோட்டர்சைக்கிள் கராஜில, நானா கடையில, எனக்கு பள்ளிக்கூடத்தில ஓ எல் சோதினைப் படிப்பு. ஆரும் சண்டை புடிக்கல்ல, கலைக்கவும் இல்ல. கேக்கிறதுக்கு ஒராள் இல்லாமப் போக, அதுபாட்டுக்கு நிண்டிட்டு. அண்ணன் ரெண்டு தரம் லீவில வந்தான். ஆள் தடிச்சிட்டான், பல் ஒண்டு மாத்தியிருந்தான். பாடச் சொன்னா, தொண்டை சரியில்ல எண்டுவான். அங்க எந்த நேரமும் ஏசிக் குளிராம்.

வெள்ளிக்கிழமைகள்ள அவன் வீடியோ கோல் எடுப்பான். நான்தான் ஃபோனப் புடிக்கிறது, பப்பாட கை இப்ப நடுங்குது. சம்பளம், வெயில், அம்மாட சீனி வருத்தம் எல்லாம் கதைச்சி முடிஞ்ச பிறகு, ஒவ்வொரு கிழமையும் இல்ல, ஆனா இடைக்கிடை, பப்பா திடீரெண்டு கேப்பார்.

"அண்டைக்கி அவ்வளவு சனம் ஆடிச்சே. அவனே எழும்பி நிண்டு கை தட்டினானே. பிறகு ஏன்டா அந்த மனிசன் உங்களக் கூப்பிடல்ல?"

எட்டு ஒம்பது வருசமாக் கேக்கிறார். கோபமாக் கேக்கிறல்ல. ஒரு கதவு சரியாத்தான் செஞ்சன், ஏன் பூட்டுதில்ல எண்டு பாக்கிற மாதிரிக் கேக்கிறார். நான் திரைக்கு மேல அண்ணனப் பாப்பன். அவன் என்னப் பாக்க மாட்டான்.

"தெரியா பப்பா," எண்டுவான். "அவங்களுக்கு என்ன பிரச்சினையோ."

பப்பா இன்னும் கொஞ்சம் யோசிப்பார். அடுத்த கேள்விக்கு வாயத் திறப்பார்.

அதுக்கு முதல் அண்ணன் கேட்டிடுவான், சாப்பிட்டீங்களா பப்பா, இண்டைக்கி என்ன கறி எண்டு.